கணக்கேடுகளைப் பேசவைத்த நியாயவாதி: பேர்டினண்ட் பெக்கோரா

நியாயவாதி ஒருவரின் புகழைப் பற்றிப் பேசுங்கால் எம்மவர் பெரும்பாலும் இருவகை வழக்குகளையே எடுத்துக் கூறுவர். ஒன்று, சாட்சிக் கூண்டில் நின்ற பொய்யனைத் தடுமாற வைத்த கொலை வழக்கு; மற்றது, மூன்று தலைமுறையாக நீண்ட எல்லைவேலிக் காணி வழக்கு. வணிகமும் பங்குமுதலும் பற்றிய வழக்குகளில் வீரமும் இல்லை, சுவையும் இல்லை என்பது பலருடைய எண்ணம். அவை கணக்காளருக்கே உரியவை என்று கருதி, சட்டம் பயிலப் புகும் எம் இளைஞருட் பலர் அத்துறையை ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்து 1971ஆம் ஆண்டில் மறைந்த பேர்டினண்ட் பெக்கோரா என்னும் பெரியாரின் வாழ்க்கையே போதிய சான்றாகும்.

பெக்கோரா 1882ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் இத்தாலிக்குரிய சிசிலித் தீவிலே நிக்கோசியா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் கடல்கடந்து நியூயோர்க் நகரை அடைந்த அவர், வறியோர் செறிந்து வாழ்ந்த பகுதியொன்றில் வளர்ந்தார். சமய குருவாக வேண்டுமென்பதே இளமையில் அவர் கொண்ட விருப்பம். ஆயின் தந்தையார் விபத்தொன்றிற் காயமுற்று உழைக்க இயலாதவரானபோது, குடும்பச் சுமை மகனின் தோளில் விழுந்தது. படிப்பை இடைநிறுத்தி, நியாயவாதி ஒருவருடைய கந்தோரில் எழுதுவினைஞராக அமர்ந்தார். அங்கே பிறருடைய பத்திரங்களைப் பிரதிசெய்த கை, பின்னர் நியூயோர்க் சட்டக் கல்லூரியிலே தனக்கென ஒரு தொழிலைத் தேடிக்கொண்டது. 1911ஆம் ஆண்டில் அவர் நியாயவாதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

1918ஆம் ஆண்டில் அரசாங்க வழக்குத் தொடுநரின் உதவியாளர்களுள் ஒருவராக நியமனம் பெற்று, பன்னிரண்டு ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். பங்குமுதல் பற்றிய மோசடிகளை அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுவேயாகும். அந்நாளில் நியூயோர்க்கிலே தரகர் நிலையம் என்ற பெயருடன் நடந்த கள்ளக் கடைகள் பல. பங்கு வாங்கித் தரும்படி வாடிக்கையாளன் கொடுத்த பணத்தைக் கடைக்காரன் பெற்றுக்கொள்வான், பங்கையோ வாங்கமாட்டான். வாங்கியதாகக் கணக்கெழுதிவிட்டு, விலை இறங்கட்டும் என்று காத்திருப்பான். இறங்கினால் வாடிக்கையாளனின் பணம் அவனுக்கு. ஏறினால் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடுவான். இத்தகைய கடைகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பெக்கோரா மூடுவித்தார். வாய்மொழிச் சாட்சி மாறலாம், ஏட்டில் எழுதிய இலக்கமோ எழுதியவனையே காட்டிக்கொடுக்கும் என்னும் பாடத்தை அவர் இவ்வழக்குகளிலே பெற்றார். 1930இல் அப்பதவியை விட்டுத் தனித்தொழில் செய்யத் தொடங்கினார்.

இதற்கிடையே பேரிடி ஒன்று அந்நாட்டின்மேல் விழுந்திருந்தது. 1929ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. அவ்வாண்டு செத்தெம்பரில் 381 ஆக உயர்ந்து நின்ற டௌ யோன்ஸ் விலைச்சுட்டி, 1932ஆம் ஆண்டு யூலையில் 41 ஆக இறங்கியது. விதவைகளும் ஆசிரியரும் சிறு வணிகரும் ஆயுள் முழுதும் சேர்த்த பொருள் கரைந்தது. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தாற்போல, பங்கில் இழந்தவர் வங்கியில் வைத்திருந்த சிறு தொகையும் வங்கிகள் முறிந்தபோது போயிற்று. இவ்வழிவு எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய அமெரிக்க மூதவையின் வங்கிக் குழு 1932இல் ஒரு விசாரணையைத் தொடங்கியது. அது பல மாதங்கள் பயனின்றி இழுபட்டது. 1933ஆம் ஆண்டு சனவரியில் குழுத் தலைவர் பீற்றர் நோபெக், பெக்கோராவை விசாரணைச் சட்டத்தரணியாக அமர்த்தினார். மாதச் சம்பளம் 255 டொலர். அவர் விசாரிக்கவிருந்தவர்களோ அந்நாட்டின் பெருஞ் செல்வர்.

பெக்கோராவின் முறை எளிமையானது. ஆயின் அதனைக் கைக்கொள்ளுதல் எளிதன்று. முதலிலே வங்கிகளின் கணக்கேடுகள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் ஆகியவற்றை அழைப்பாணை மூலம் பெற்றுச் சிறியதோர் உதவியாளர் கூட்டத்துடன் இரவுபகலாக வாசிப்பார். சாட்சி மன்றில் அமரும்போது, சாட்சிக்கே மறந்துபோன தேதியும் தொகையும் பெக்கோராவின் நாவில் இருக்கும். குரலை உயர்த்தாமல், ஒரு சிறு உண்மையை ஒப்புக்கொள்ளச் செய்து, அதன்மேல் அடுத்ததை அடுக்குவார். முடிவில் சாட்சி தான் கட்டிய சுவருக்குள்ளே தானே நிற்பதைக் காண்பார்.

1933ஆம் ஆண்டு பெப்ரவரியில் நஷனல் சிற்றி வங்கியின் தலைவர் சாள்ஸ் மிற்செல் குழுவின்முன் தோன்றினார். வங்கி, பங்கும் கடன்முறியும் விற்பதற்கெனத் துணைக் கம்பனி ஒன்றை வைத்திருந்தது. பெரு நாட்டின் கடன்முறிகளை அக்கம்பனியும் அதனோடு சேர்ந்த ஏனையோரும் 9 கோடி டொலரளவில் பொதுமக்களுக்கு விற்றனர். அந்நாடு கடன் தீர்ப்பதில் நம்பத்தகாதது என்று கம்பனியின் சொந்த அலுவலரே முன்னர் எழுதிய அறிக்கைகள் பெட்டகத்தில் இருந்தன. வாங்கியவர்களுக்கு அவை காட்டப்படவில்லை. பின்னர் பெரு கடனைக் கொடாது விட்டது. சந்தை சரிந்தபின் வங்கியின் உயர் அலுவலர்க்கு வட்டியின்றிப் பெருந்தொகை கடனாக வழங்கப்பட்டது. தவணைமுறையில் வங்கிப் பங்கு வாங்கிய சிறு ஊழியரிடமோ பழைய உயர்ந்த விலையே சம்பளத்தில் வெட்டப்பட்டது. 1929இல் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட ஊக்கத்தொகை பெற்ற மிற்செல், தம் பங்குகளை மனைவியாருக்கு விற்றதாகக் காட்டி 28 இலட்சம் டொலர் நட்டம் எழுதி, அவ்வாண்டுக்கு வருமான வரியே செலுத்தாது விட்டமையும் வெளியாயிற்று. சில நாட்களுள் அவர் பதவி துறந்தார். அடுத்த வாரம் புதிய சனாதிபதி றூஸ்வெல்ற் பதவியேற்றபோது நாடெங்கும் வங்கிகள் மூடிக்கிடந்தன.

மே மாதத்தில் ஜே. பி. மோர்கன் அழைக்கப்பட்டார். அவரும் 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் வருமான வரி செலுத்தவில்லை. சந்தையிலே 35 டொலரளவில் விலைபோகக்கூடிய அலகானி கம்பனியின் பங்குகளை, அரசியலாரும் பெருவணிகரும் அடங்கிய பட்டியலொன்றில் இருந்தவர்களுக்கு 20 டொலர் வீதம் அவருடைய நிறுவனம் வழங்கியமையும் தெரியவந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சேஸ் வங்கித் தலைவராயிருந்த அல்பேட் விக்கினின் முறை வந்தது. 1929இல் சந்தை சரிந்துகொண்டிருந்த நாட்களில், தாம் தலைமை வகித்த வங்கியின் பங்குகளையே கைவசமின்றி முன்விற்று, விலை இறங்கியபின் ஈடுசெய்து, அவர் 40 இலட்சம் டொலருக்கு மேல் இலாபம் அடைந்திருந்தார். காவற்காரனே வீடு விழுமென்று பந்தயம் கட்டினாற் போன்ற செயல் அது.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். மேற்கூறிய செயல்களுட் பல அந்நாளைய சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை அல்ல. மோர்கன் வரி செலுத்தாமை சட்டத்துக்கு அமைந்ததே. அவருக்கு அவ்வாண்டுகளில் நட்டமே மிஞ்சியிருந்தது. விக்கினின் முன்விற்பனையும் குற்றமாகாது. மிற்செல் வரி ஏய்ப்பு வழக்கில் யூரிமாரால் விடுவிக்கப்பட்டார். பின்னர் நடந்த குடியியல் வழக்கிலேதான் வரியும் தண்டமும் அவர்மேல் விழுந்தன. ஆதலின் பெக்கோரா மனிதரைத் தூற்றி வேடிக்கை காட்டுகின்றார் என்று குறைகூறியவரும் இருந்தனர். மூதவை உறுப்பினர் காட்டர் கிளாசே விசாரணை சேர்க்கஸ் ஆகிவிட்டதென்று சலித்துக்கொண்டார். அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் தண்டிப்பது விசாரணைக் குழுவின் வேலையன்று. சட்டம் எங்கே ஊமையாக இருக்கிறது என்பதை மக்களுக்குக் காட்டுவதே அதன் வேலை. பெக்கோரா அதனையே செய்தார்.

பயன் விரைவில் விளைந்தது. 1933ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவேறிய பங்குமுதற் சட்டம், விற்பவர் தம் கம்பனியின் உண்மை நிலையைப் பதிவுசெய்து வெளியிட வேண்டுமென்றும், பொய் கூறின் வாங்கியவர் நட்டஈடு கோரலாமென்றும் விதித்தது. யூன் மாதத்து வங்கிச் சட்டம், மக்கள் வைப்புப் பணத்தைப் பெறும் வங்கியையும் பங்கு விற்கும் தொழிலையும் பிரித்துவிட்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் பங்குச் சந்தைகளை மேற்பார்வை செய்ய ஆணைக்குழு ஒன்றை நிறுவியதோடு, கம்பனியின் உயர் அலுவலர் தம் கம்பனிப் பங்குகளை முன்விற்பதையும் தடுத்தது. விக்கின் புகுந்து சென்ற வாயில் அத்துடன் அடைக்கப்பட்டது. இன்று பங்குமுதல் வழக்குகளை நடத்தும் அமெரிக்க நியாயவாதிகள் நாள்தோறும் கையாளும் சட்டங்கள் இவையே.

உழைத்தவருக்குக் கிடைத்த பரிசு பெரிதன்று. ஆணைக்குழுவின் தலைமை பெக்கோராவுக்குக் கிடைக்குமென்று பலர் எதிர்பார்க்க, அது சந்தையிலே பொருளீட்டிய யோசேப் கெனடியைச் சேர்ந்தது. உறுப்பினராய் அமர்ந்த பெக்கோரா, 1935இல் விலகி நியூயோர்க் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1939இல் தம் விசாரணை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1950இல் நீதிபதிப் பதவியைத் துறந்து நகர முதல்வர் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். மீண்டும் நியாயவாதியாகவே தொழில் புரிந்து, 1971ஆம் ஆண்டு திசெம்பர் 7ஆம் நாள் காலமானார்.

வங்கியையும் பங்கு வணிகத்தையும் பிரித்த வேலியின் முக்கிய பகுதி 1999இல் அமெரிக்கப் பேரவையால் நீக்கப்பட்டது. 2008இல் மறுபடியும் பெரு நிறுவனங்கள் சரிந்தபோது, மறந்துபோன பெக்கோராவின் பெயரை அந்நாட்டவர் மீண்டும் உச்சரித்தனர். அவ்வேலியை நீக்கியமைதான் வீழ்ச்சிக்குக் காரணமோ என்பது அறிஞரிடையே இன்றும் வாதத்துக்குரியது. ஆயினும், வேலியை ஒருமுறை அடைத்துவிட்டால் என்றென்றும் நிற்கும் என்றிருத்தல் ஆகாது என்பதை எம் பனையோலை வேலிகளைக் கண்டு வளர்ந்த நாம் நன்கு அறிவோம்.

எம் கல்லூரி அன்னை தந்த அப்புக்காத்துமாரும் பிறக்கிறாசிமாரும் நீதிமன்றுகளில் நல்ல பெயர் நாட்டிச் சென்றுள்ளனர். அவர் வழியிலே செல்லவிருக்கும் இளைஞர்க்குப் பெக்கோராவின் வாழ்க்கை கூறுவது ஒன்றுண்டு. பேச்சுத்திறன் நியாயவாதிக்கு அணியாகலாம். அவனுக்கு உயிராவது உழைத்து வாசித்தலே. பெருந்தொகைகள் எழுதப்பட்ட ஏட்டின் பின்னே, பெயர் எழுதப்படாத ஏழை ஒருவரின் சேமிப்பு இருக்கின்றது. அதனைக் கண்டு எடுத்துக்காட்டும் கண் உடையவர்க்கு, வணிக வழக்கும் அறப்பணியே ஆகும்.