கடல் கடந்த சிராவகர் வீர்சந்த் காந்தி

குஜராத்தில் மகுவா என்னும் ஊரில் 1864-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் தோன்றியவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1884-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய ஜைன சங்கத்தின் செயலாளரானார். சத்ருஞ்ஜய மலை யாத்திரிகர் வரி தொடர்பாக அவர் ஆற்றிய பணி தனியே எழுதத்தக்கது. ஈண்டு நாம் சொல்ல முற்படுவது, அயல்நாட்டு மக்கள் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்ட வரலாற்றை.

1893-இல் சிகாகோவில் கூடிய சர்வசமயப் பேரவைக்கு அழைக்கப்பெற்றவர் ஆசாரியர் ஆத்மாராம்ஜி. ஜைனத் துறவியர் ஊர்தி ஏறார். ஆகவே ஆசாரியர் வீர்சந்தைத் தம்மிடம் இருத்தி, சமயப் பொருளை நன்கு பயிற்றி அனுப்பிவைத்தார். அவர் சுவேதாம்பர மரபினர், நாமோ திகம்பரர். எனினும் அம்மேடையில் அவர் எடுத்துரைத்தது இரு மரபினர்க்கும் பொதுவான அறத்தையே.

பேரவையில் ஒரு கிறித்தவப் போதகர் இந்துக் கோயில்களின் ஒழுக்கத்தைப் பழித்துப் பேசினார். பழிக்கப்பட்டது தம் சமயமன்று, வீர்சந்த் வாளாவிருந்திருக்கலாம். அவரோ எழுந்து, தம் நாட்டு மக்களுக்காகத் தக்க மறுமொழி கூறினார். கேட்டோர் உள்ளத்தில் அவர் இடம்பெற்றது அன்றுதான் என்பது நம் எண்ணம்.

பின்னர் அழைப்புகள் பல வந்தன. குஜராத்தித் தலைப்பாகையுடன் ஊர்தோறும் சென்று யோகம், கருமம், உயிரின் இயல்பு ஆகியவை பற்றி எளிய ஆங்கிலத்தில் உரையாற்றினார். கசடேகா என்னும் ஊரார் 1894-இல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தனர். சிகாகோவில் ஹோவர்டு அம்மையார் அவரிடம் பாடம் கேட்டுப் புலால் நீக்கிச் சாமாயிகமும் பயின்றார். அவர்தம் துணையோடு இந்தியப் பெண்கல்விக்கென ஒரு சங்கமும் அங்கே எழுந்தது.

குளிர் மிகுந்த அந்நாட்டில் மரக்கறியன்றி வேறெதுவும் அவர் தொட்டிலர். இதனை வியந்து தாயகத்திற்கு எழுதியவர் சுவாமி விவேகானந்தர். அமெரிக்கர் இவரைப் பெரிதும் விரும்புகின்றனர். அனுப்பிவைத்த கூட்டத்தாரோ சாதிவிலக்குச் செய்ய முயல்கின்றனர் என்று அவர் 1894-இல் வருந்தி எழுதினார். உண்மையும் அதுவே. கடல் கடந்ததே குற்றமெனக் கொண்டு, 1895-இல் திரும்பியவரைச் சிலர் எதிர்த்தனர். அந்நியர் வீட்டில் கிடைத்த ஆதரவு சொந்த ஊரில் கிடைக்கவில்லை என்பதை நாம் மறைத்தல் தகாது. ஆசாரியர் மட்டும் இறுதிவரை அவர் பக்கமே நின்றார்.

வீர்சந்த் மனம் தளராமல் 1896-இல் மீண்டும் சென்றார். அவ்வாண்டு தொடங்கி இந்தியாவில் கொடும்பஞ்சம் நிலவியபோது, பழகிய அமெரிக்க நண்பர்களிடமே கையேந்தினார். சோளமும் பணமும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன.

இலண்டனில் அவர் உரைகளைக் கேட்டவருள் ஹெர்பர்ட் வாரன் ஒருவர். அவ்வாங்கிலேயர் ஜைன நெறியை மேற்கொண்டு, கேட்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வந்தார். வீர்சந்த் 1901 ஆகஸ்ட் 7-ஆம் நாள், முப்பத்தேழு வயது நிறைவதற்குள் காலமானார். அக்குறிப்புகளைக் கொண்டு வாரன் எழுதிய ஜைன நூல் 1912-இல் வெளிவந்தது.