முகம் மீட்ட மருத்துவர்

1915ஆம் ஆண்டு பாரிசு நகர மருத்துவமனை ஒன்றில் ஓர் அறுவை நடந்துகொண்டிருந்தது. நோயாளியின் முகத்தில் ஒரு பாதியைப் புற்றுநோய் உருக்குலைத்திருந்தது. இப்போலிட் மோரஸ்டான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயுற்ற பகுதியை முழுவதுமாக வெட்டி அகற்றினார். பெருங்குழியாகத் தெரிந்த அவ்விடத்தைக் கழுத்துத் தோலைத் திருப்பிக் கொணர்ந்து மூடினார். கன்னமும் மூக்கின் ஒரு புறமும் உதடும் ஒரே அமர்வில் உருப்பெற்றன. அருகில் நின்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த இளம் ஆங்கிலப் படை மருத்துவர், தம் வாழ்நாள் பணி இதுவே என அக்கணத்தில் முடிவு செய்தார். அவர்தாம் ஹெரால்டு கில்லீஸ். மற்றொருமுறை அவர் காணச் சென்றபோது மோரஸ்டான் அவரை உள்ளே விடவில்லை. அதற்குள் கற்கவேண்டிய வித்தின் முளை அவருள் ஊன்றிவிட்டது.

கில்லீஸ் நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில் 1882ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சிறுவயதில் முழங்கை முறிந்ததால் அக்கை முழுமையாக மடங்காது போயிற்று. ஆயினும் கேம்பிரிட்சில் பயின்றபோது 1904ஆம் ஆண்டின் புகழ்பெற்ற படகுப் போட்டியில் பல்கலைக்கழகத்தின் சார்பில் துடுப்பு வலித்தார். கோல்ஃப் ஆட்டத்திலும் வல்லவராக விளங்கினார். இலண்டன் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் பயிற்சி பெற்றுக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரானார். போர் மூளாதிருந்தால் வசதி மிக்க இலண்டன் மருத்துவராகவே அவர் வாழ்ந்து முடித்திருக்கக்கூடும்.

முதல் உலகப்போர் பதுங்குகுழிகளில் நடந்த போர். உடல் மண்ணுக்குள் மறைந்திருக்க, தலைமட்டும் வெளியே நீண்டது. குண்டுச் சிதறல்கள் தாடையையும் மூக்கையும் பெயர்த்துச் சென்றன. அவ்வாறு காயமுற்றோரை மல்லாந்து படுக்கவைத்துத் தூக்கிச் சென்றபோது, தாங்குவாரற்ற நாக்கு பின்னே சரிந்து, குருதி மூச்சுவழியை அடைத்தது. முகத்தைக் கவிழ்த்தோ முன்குனிந்து அமரவைத்தோ கொண்டுசென்றால் பிழைப்பர் என்ற எளிய உண்மை, பலர் இறந்த பின்னரே பரவலாக உணரப்பட்டது. பிழைத்தவர்க்கும் நல்ல மருத்துவம் கிட்டவில்லை. மருத்துவர்கள் காயத்தின் விளிம்புகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தனர். இல்லாத தசையின் இடத்தை இருக்கும் தசையால் மூட முயன்றதால், வடு சுருங்கச் சுருங்க வாய் கோணியது. கண்ணிமை கீழே இழுபட்டது.

பிரான்சில் பணியாற்றியபோது கில்லீஸ் சார்லசு வலாடியே என்னும் பல் மருத்துவரைச் சந்தித்தார். தம் ரோல்சு ராய்சு மகிழுந்துக்குள்ளேயே பல் மருத்துவக் கருவிகளைப் பொருத்திக்கொண்டு படைத்தலைவர்களின் பற்களைச் செப்பனிட்ட விந்தை மனிதர் அவர். சிதைந்த தாடைகளை அவர் சீராக்கிய விதம் கில்லீசை ஈர்த்தது. தாயகம் திரும்பியதும் முகக்காயங்களுக்கெனத் தனிப்பிரிவு வேண்டுமென அரசிடம் வாதிட்டார். 1916ஆம் ஆண்டு சனவரியில் ஆல்டர்ஷாட் படைத்துறை மருத்துவமனையில் அப்பிரிவு தொடங்கியது. காயமுற்றோரை அங்கு அனுப்ப முறையான ஏற்பாடு இல்லை. எனவே பத்துப் பவுன் சொந்தப் பணத்தில் முகவரிச் சீட்டுகளை வாங்கிப் போர்முனைக்கு அனுப்பச் செய்தார். அவை காயமுற்ற வீரர்களின் உடையில் கட்டப்பட்டு மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்தன.

அவ்வாண்டு சூலை முதல் நாள் சோம் போர் தொடங்கியது. இருநூறு பேர் வரக்கூடும் என எண்ணி ஆயத்தமாயிருந்த பிரிவுக்கு ஏறத்தாழ 2,000 பேர் வந்தனர். படுக்கை போதவில்லை, செவிலியர் போதவில்லை, பழகிய கைகளோ மிகச் சில. இத்துன்பத்தில் மற்றுமொரு சிக்கலும் இருந்தது. ஒரு முகத்தை மீட்க ஓர் அறுவை போதாது. முதலில் எஞ்சிய தசைகளை அவற்றின் இயல்பான இடத்தில் கொண்டு நிறுத்தவேண்டும். எவ்வளவு இழப்பு என்பது அப்போதுதான் விளங்கும். பின்னர் உள்ளுறை, நடுவே தாங்கும் எலும்பு அல்லது விலா எலும்பின் குருத்து, மேலே தோல் என ஒவ்வொன்றாக அமைக்கவேண்டும். இடையிடையே புண் ஆற மாதங்கள் ஆகும். ஒருவருக்குப் பொறுமையோடு பணி செய்தால் மற்றவர் காத்திருக்க நேரும். விரைந்து முடித்தால் பணியே பாழாகும்.

இந்நெருக்கடியே 1917ஆம் ஆண்டு சிட்கப் என்னுமிடத்தில் அரசியார் மருத்துவமனை எழக் காரணமாயிற்று. சுற்றியிருந்த ஓய்வு இல்லங்களையும் சேர்த்து 1,000 படுக்கைகளுக்கு மேல் அங்கு அமைந்தன. அறுவைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நோயாளிகள் ஓய்வு இல்லங்களுக்குச் செல்ல, படுக்கைகள் பிறர்க்கு ஒழிந்தன. பல் மருத்துவர் கெல்சி ஃபிரை எலும்பையும் தாடையையும் கவனித்தார். கில்லீஸ் தசையையும் தோலையும் கவனித்தார். அறுவை மருத்துவம் கற்று ஓவியராக மாறிய ஹென்றி டாங்சு நோயாளிகளின் முகங்களை வண்ணக் கோல்களால் வரைந்தார். முகத்தில் அறுவை செய்கையில் மயக்கமருந்து முகமூடியை வைக்க இடமேது? ஐவன் மகில், ரோபோதம் ஆகிய மருத்துவர்கள் மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்தி மருந்து தரும் முறையை அங்கேயே செம்மைப்படுத்தினர். இன்று அறுவை அரங்குதோறும் வழங்கும் முறை அதன் வழிவந்ததே.

மருத்துவமனைக் கூடங்களில் கண்ணாடி வைக்கப்படவில்லை. ஊர்ச்சாலையோரத்தில் வீரர்கள் அமரும் இருக்கைகளுக்கு நீலவண்ணம் பூசப்பட்டது. எதிர்ப்படுவோர் திடுக்கிடாதிருக்க அஃதோர் அறிவிப்பு. காண்போருக்கு அது நன்மையாயிருந்திருக்கலாம். அமர்ந்திருந்தவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

நெற்றித் தோலைக் கீழே மடித்து மூக்கு அமைக்கும் முறை இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. 1794ஆம் ஆண்டு இலண்டன் இதழொன்றில் அச்செய்தி வெளியானபின் ஐரோப்பியர் அதனைக் கற்றனர். கில்லீசும் அம்முறையைக் கையாண்டார். ஆனால் முகம் முழுவதும் தீய்ந்தவர்க்கு நெற்றித் தோல் ஏது? 1917ஆம் ஆண்டு அக்டோபரில் கடற்போரில் தீப்புண் பட்ட மாலுமி ஒருவருக்கு அறுவை செய்தபோது, மார்பிலிருந்து எடுத்த தோல்மடலின் ஓரங்கள் உட்புறமாகச் சுருள்வதைக் கண்டார். உடனே அவ்விளிம்புகளைச் சேர்த்துத் தைத்துக் குழல்போல் ஆக்கினார். குருதியோட்டம் தடைப்படவில்லை, புண்வாய் உள்ளே மறைந்ததால் கிருமித் தொற்றும் குறைந்தது. கிருமிக்கொல்லி மருந்துகள் தோன்றாத அக்காலத்தில் இது பெரும் காப்பாயிற்று. ஒடெசாவில் ஃபிலாட்டவ் என்பவர் இதே முறையை முன்னரே கண்டிருந்தார். போர்ச்சூழலில் ஒருவர் பணியை மற்றவர் அறிந்திலர்.

வெற்றிகளோடு ஆறாத தோல்வியும் இருந்தது. முகம் முழுதும் தீய்ந்த விமானி ஒருவருக்கு மார்புத் தோலால் முழுமுகத்தையும் ஒருசேரப் போர்த்த முயன்றார். தோல்மடல் அழுகியது. 1918ஆம் ஆண்டு அவ்விளைஞர் இறந்தார். அவருடைய உடல்நிலை தேறும்வரை காத்து, சிறுசிறு கட்டங்களாகச் செய்திருக்கவேண்டும் எனக் கில்லீஸ் உணர்ந்தார். மறுநாள்வரை நேர்மையாகத் தள்ளிவைக்கக்கூடியதை இன்றே செய்யலாகாது என்பதைத் தம் மாணவர்க்கு இறுதிவரை வலியுறுத்தினார். வரிசையில் நூற்றுவர் காத்திருந்தபோதும் அவர் அவ்விதியைக் கைவிடவில்லை.

சிட்கப்பில் 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மிகுதியான அறுவைகள் நடைபெற்றன. கில்லீஸ் தம் பட்டறிவை 1920ஆம் ஆண்டு நூலாக்கினார். 1930இல் சர் பட்டம் பெற்றார். புற்றுநோய்க்காகத் தாடையும் கன்னமும் அகற்றப்பட்டோர்க்கு அவருடைய குழல்வடிவத் தோல்மடல் நெடுங்காலம் துணைநின்றது. பிற்காலத்தில் மார்புத் தசையோடு தோலைத் திருப்பும் முறையும், நுண்குருதிக் குழாய்களை இணைக்கும் முறையும் அதன் இடத்தைப் பெற்றன. பின்னது பல மணி நேரமும் நுண்ணோக்கியும் வேண்டுவது. நோயாளிகள் நிறைந்த இந்திய மருத்துவமனைகளில் வாய்ப்புற்றுநோயாளர்க்கு மார்புத் தசை முறை இன்றும் பெரிதும் கைகொடுக்கிறது.

இரண்டாம் உலகப்போரிலும் கில்லீஸ் பேசிங்ஸ்டோக் அருகே ரூக்ஸ்டவுன் இல்லத்தில் பணியைத் தொடர்ந்தார். 1960ஆம் ஆண்டு ஆகத்து மாதம், தம் எழுபத்தெட்டாம் வயதில், காலில் காயமுற்ற இளம்பெண் ஒருத்திக்கு அறுவை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு மூளையில் குருதிக்கட்டு ஏற்பட்டது. அடுத்த மாதம் 10ஆம் நாள் இலண்டனில் காலமானார்.