முதற் பராந்தக சோழன்

விசயாலயன் வழிவந்த பிற்காலச் சோழருள் மூன்றாவதாக அரியணை ஏறியவன், ஆதித்தன் மகனாகிய முதற் பராந்தகன். கி.பி. 907-இல் முடிசூடிய இவன், பாண்டியனை வென்று மதுரை கொண்ட கோப்பரகேசரி எனப் பெயர் பெற்றான். தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன் வேய்ந்தான். ஆயினும் இவன் புகழை இன்றளவும் நிறுத்தியவை வாளும் பொன்னும் அல்ல. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள கல்லெழுத்துக்களே.

இவனது 12-ஆம் ஆட்சியாண்டிலும் (919), 14-ஆம் ஆட்சியாண்டிலும் (921), அரசனுடைய அதிகாரி உடனிருக்க, ஊர்ச் சபையார் கூடி வாரியங்களை அமைத்தற்கு விதி வகுத்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். சம்வத்சர வாரியத்திற்கு 12 பேரும், தோட்ட வாரியத்திற்கு 12 பேரும், ஏரி வாரியத்திற்கு 6 பேரும் அமைந்தனர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதார் பெயர் குடத்தில் இடப்படுவதில்லை.

ஊர்க்கணக்கன் பொருட்டும் ஒரு விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்புவித்தல் வேண்டும். வேறொருவன் புகுந்து அதனை முடித்தல் கூடாது. நேர்மை விளங்கிய பின்னரே மீண்டும் அப்பணிக்கு உரியனாவான். இவ்விதியின் நுட்பம் எண்ணத்தக்கது. தன் வினை தன் கையிலுள்ளது என்னும் உணர்வே ஒருவனுக்கு ஊக்கமும் பொறுப்பும் அளிப்பது. பிறர் ஏவலுக்கே உழைப்பவன் ஏவல் நின்றவிடத்துத் தானும் ஓய்வான். பழி நேரின் ஏவினோன் மேல் ஏற்றுவான். உரிமையும் கணக்கும் ஒருங்கே பெற்றவனுக்கு அவ்வாறு தப்புதற்கு வழியில்லை.

எனினும் குறையொன்றை மறைத்தல் தகாது. நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணர்க்கே குடவோலையில் இடமிருந்தது. அந்நிலத்தை உழுது, ஏரிக்கரையில் மண் சுமந்த கைகளுக்கு அவ்வுரிமை கிட்டிற்றில்லை.

பராந்தகனது முதுமை துயரிற் கழிந்தது. 949-இல் தக்கோலப் போரில் மூத்த மகன் இராசாதித்தன் இராட்டிரகூடப் படையால் மாண்டான், தொண்டைநாடு கைநழுவிற்று. ஏறக்குறைய 955-இல் மன்னனும் மறைந்தான். அவன் வென்ற நாடு சிதைந்தது. ஊர்ச்சபையோ பின்வந்த அரசர் காலத்தும் தன் கடனை ஆற்றி வந்தது.

1992-இல் நிறைவேறிய 73-ஆம் அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு நிலைபேறு தந்து, தாழ்த்தப்பட்டோர்க்கும் மகளிர்க்கும் இடம் ஒதுக்கிற்று. மாணவ நண்பர்காள்! நாளை நம்மிற் பலர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பிறரைப் பணிகொள்வோம். அன்று, பணியை மட்டுமன்றி அதன் உரிமையையும் அவர் கையிற் கொடுத்துக் கணக்குக் கேட்கும் முறையைப் பராந்தகன் காலத்துக் கல்லெழுத்து நமக்குக் கற்பிப்பதாகுக.