நோயாளியே வைத்தியராய் நின்றவர்: றொபின் லோறன்ஸ்

நீரிழிவு என்னும் பெயரை நம் முன்னோர் பொருளறிந்தே இட்டனர். இழிதலாவது கீழ்நோக்கிப் பாய்தல். குடித்த நீரெல்லாம் உடம்பில் தங்காது இழிந்து போதலின் நோய்க்கு அப்பெயர் வாய்த்தது. கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயரும் ஊடுருவிச் செல்லுதல் என்னும் பொருளையே தருவது நோக்கத்தக்கது. வடமொழியாளர் மதுமேகம் என்றனர். சிறுநீர் தேன்போல் இனித்தலையும், எறும்பு அதனை நாடி மொய்த்தலையும் அவர் கண்டிருந்தனர். யாழ்ப்பாணத்திலே சலரோகம் என்கின்றோம். பேச்சு வழக்கிற் சீனி வருத்தம் என்றுஞ் சொல்லுகின்றோம். பெயர்கள் இவ்வாறு பலவாக இருந்தும், இளமையிலே இந்நோய் பற்றியவர்க்கு உயிர் காக்கும் மருந்து 1922ஆம் ஆண்டு வரை வாய்க்கவில்லை.

அம்மருந்தின் பெயர் இன்சுலின். இரைப்பையின் பின்னே கிடக்கும் கணையத்தில், கடலிடைத் தீவுகள் போல் ஆங்காங்கே சிதறிய நுண்கலக் கூட்டங்கள் உள. இலத்தீன் மொழியில் இன்சுலா என்றால் தீவு. அத்தீவுகளிற் சுரப்பது இன்சுலின் ஆயிற்று. தீவிற் பிறந்த நாம் இச்சொல்லை அந்நியமாக எண்ண வேண்டியதில்லை. கனடாவின் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற், மக்லியொட், கொலிப் என்னும் நால்வரின் உழைப்பால் அது கிடைத்ததும், 1922 ஜனவரியில் லியோனார்ட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டதும் பலரும் அறிந்த வரலாறு. ஈண்டு நான் எழுதப் புகுந்தது அவ்வரலாறன்று. அம்மருந்தைத் தம் உடம்பிலே தாமே ஏற்றி வாழ்ந்து, அவ்வாறு வாழும் வகையைப் பிறர்க்குங் கற்பித்த ஒருவரின் வரலாற்றையே எழுதுகின்றேன்.

றொபேட் டானியல் லோறன்ஸ் என்பது அவருடைய முழுப்பெயர். நண்பர்க்கு அவர் றொபின். ஸ்கொத்லாந்திலே அபடீன் நகரில், 1892 நவம்பர் 18ஆந் திகதி, தூரிகைகள் செய்து விற்கும் வளமிக்க வணிகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். முதலிலே பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றுப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனுக்குச் சென்று உறவினரின் துணி வியாபாரத்திற் சேர்ந்தார். அத்தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை. மீண்டும் அபடீனுக்கு வந்து வைத்தியம் பயின்று, பதக்கங்கள் பல பெற்று, 1916இலே தேறினார். முதலாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராகி இந்திய எல்லைப்புறத்திலே பணியாற்றினார். வயிற்றுளைவு நோயால் 1919இல் அப்பணியினின்று நீங்கினார். அதன்பின் இலண்டன் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலையில் அமர்ந்து, காது, மூக்கு, தொண்டை ஆகியவற்றின் அறுவை வைத்தியத்தில் ஈடுபட்டார். வாழ்வு நேராகச் செல்லும் பாதையிலே அடிவைத்தது போலத் தோன்றிற்று.

1920இலே அப்பாதை அறுந்தது. செவிக்குப் பின்னுள்ள எலும்பில் அறுவை செய்யும் முறையை இறந்தவர் உடம்பொன்றிற் பயின்று கொண்டிருந்தபோது, உளிபட்டுத் தெறித்த எலும்புச் சிதறல் ஒன்று அவர் கண்ணைத் தாக்கிற்று. கண்ணிலே கிருமி பற்றி, அவரே நோயாளியாகப் படுக்கையிற் கிடந்தார். அப்பொழுது செய்த பரிசோதனையில் அவர் நீரிழிவாளர் என்பது வெளிப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது 28கூட நிறையவில்லை. அந்நாளிலே அவ்வயதில் இந்நோய் காண்பது, சில ஆண்டுகளே உயிர் வாழலாம் என்று நாள் குறிப்பதற்கு ஒப்பாகும். பட்டினி என்றே சொல்லத்தக்க கடும் பத்தியமொன்றே வைத்தியம். அது நோயைத் தீர்ப்பதன்று. சாவைச் சற்றே தள்ளி வைப்பது. கண்பார்வை குன்றியதால் அறுவை வைத்தியம் அவருக்கு இல்லையாயிற்று. ஆகவே, அவ்வைத்தியசாலையின் இரசாயன ஆய்வுகூடத்திலே ஹரிசன் என்னும் அறிஞரிடஞ் சேர்ந்து ஆய்வு செய்யலானார்.

முடிவு நெருங்கும் எனக் கருதியபோது, பெற்றோர் கண்முன்னே நலிந்து மடிய அவர் மனம் ஒப்பவில்லை. இத்தாலியிலே புளோறன்ஸ் நகருக்குச் சென்று, அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர்க்குச் சிறிய அளவில் வைத்தியஞ் செய்து நாள் கழித்தார். சாவதற்கென்றே ஓர் ஊரைத் தெரிந்து கொண்டவர், அங்கும் பிறர் நோயைத் தீர்க்கும் தொழிலைக் கைவிடவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1922 - 1923 மாரியிலே மார்ச்சளி நோயும் வந்துசேர, அவர் நிலை மிகவும் மோசமாயிற்று.

அவ்வேளையிலேதான் இலண்டனிலிருந்து ஹரிசனின் செய்தி வந்தது. இன்சுலின் தம் கைக்கு வந்துவிட்டது, அது பயன் தருகின்றது, விரைந்து திரும்புக என்பது அதன் கருத்து. நரம்பு தளர்ந்து உடல் மெலிந்திருந்த லோறன்ஸ், மோட்டார் வண்டியிலே ஐரோப்பாவைக் கடந்து 1923 மே 28ஆந் திகதி இலண்டனை அடைந்தார். மே 31ஆந் திகதி முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. அன்று அவருக்கு வயது 30. அதன்பின் அவர் 45 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

ஊசியேற்றுதல் அந்நாளில் எத்தகையதென்பதை இக்காலத்தவர் அறிதல் நலம். குழாய் கண்ணாடியாலானது, ஊசி தடித்த உருக்கினாலானது. இரண்டையும் வெந்நீரிற் கொதிக்க வைத்தோ மதுசாரத்தில் இட்டோ தூய்மை செய்தல் வேண்டும். முனை மழுங்கினால் ஊசியைக் கல்லிலே தீட்டுதல் வேண்டும். முதலிற் கிடைத்த இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்வது. ஆகையால் நாளுக்கு இருமுறையேனும் ஏற்ற வேண்டியிருந்தது. அளவு குறைந்தால் நோய் மேலிடும்; மிகுந்தால் இரத்தத்திற் சீனி இறங்கி, வியர்வையும் நடுக்கமும் தோன்றி, அறிவும் மயங்கும். இத்தனையையும் வைத்தியசாலையிலே தாதி ஒருவர் செய்தல் எளிது. ஆனால் வாழ்நாள் முழுவதும் ஒருவர் வைத்தியசாலையிலே வாழ்தல் எங்ஙனம்? ஆகவே மருந்து, கண்டவர் கையினின்று நோயாளியின் கைக்கு வந்து சேர வேண்டியிருந்தது. லோறன்ஸின் தொண்டு முழுவதும் இவ்விடத்திலேதான் நிற்கின்றது.

1925இலே நீரிழிவாளர் வாழ்வு பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அது வைத்தியர்க்கும் நோயாளர்க்கும் ஒருங்கே எழுதப்பட்ட நூல். நோயாளிக்கு நோயின் இயல்பை மறைக்காது சொல்லி, மருந்தின் அளவைத் தானே திருத்திக்கொள்ளவும் பழக்கலாம் என்பது அக்காலத்துக்குப் புதுமையான கொள்கை. 1929இலே அரிச்சுவடி போன்றதொரு சிறு கைந்நூலையும் வெளியிட்டார். உணவைக் கறுப்புப் பங்கு, சிவப்புப் பங்கு என இரண்டாக வகுத்தார். கறுப்புப் பங்கொன்றில் மாச்சத்து 10 கிராம். சிவப்புப் பங்கொன்றிற் புரதம் ஏழரை கிராமும் கொழுப்பு 9 கிராமும். கணக்கறியாதவரும் நிறத்தைக் கொண்டு உணவை அளந்து கொள்ளலாம். உடலுழைப்பு இன்சுலினின் வலிமையைக் கூட்டும் என்பதையும் ஆராய்ந்து 1926இலே எழுதினார். நோயை உள்ளிருந்து கண்டவராதலின் அவர் சொல்லுக்கு வலிமை மிகுந்தது.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்தமைக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரிலே இன்சுலின் என்றால் அதுவே கடைசிப்படி என்றொரு எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. என் தமக்கையார் வைத்தியர் பலமுறை வற்புறுத்தியும் ஊசிக்கு இணங்கவில்லை. குளிசை விழுங்குவது வருத்தக்காரர் செயல், ஊசி குத்துவது சாகப்போகிறவர் செயல் என்பது அவர் கொள்கை. காற்புண் ஆறாமல் இரண்டு விரல்களை இழந்த பின்னரே அவர் மனம் மாறிற்று. அதன்பின் அவர் உடல் தேறியது. ஆயினும் விரல்கள் மீளவில்லை. அடுத்து எனக்கும் வைத்தியர் இன்சுலின் விதித்தார். இப்பொழுது ஆண்டுகள் மூன்றாகின்றன.

நோவுக்கு அஞ்சித் தயங்குகின்றோம் என்பது முழு உண்மையன்று. இன்றைய ஊசி மயிரிழை போன்றது. முள்ளுக் குத்திய அளவு நோவும் இல்லை. பிறர் குத்தினால் பொறுத்துக்கொள்ளும் உடம்பு, தன் கையே தன்மேல் ஊசியோடு வரும்போது கூசுகின்றது. அக்கூச்சத்தை வீரத்தால் வெல்லுதல் அரிது; ஒழுங்கினால் வெல்லுதல் எளிது. என் மனைவியார் ஊசியைக் கண்டால் முகந் திருப்புபவர். ஆதலின் பிறர் கையை நம்பியிருக்கும் வழி எனக்கில்லை. காலையிலே திருநீறு அணிந்தபின், உணவுக்கு முன், ஒரே இருக்கையில் இருந்து, வயிற்றில் நேற்றுக் குத்திய இடத்தை விட்டு இரண்டு விரல் தள்ளி ஏற்றிக்கொள்வேன். ஓரிடத்திலேயே குத்தினால் தோலின் கீழ்க் கொழுப்புக் கட்டிபட்டு மருந்து சரியாகச் சேராது. பத்து எண்ணியபின் ஊசியை எடுப்பேன். மாணவன் ஒருவன் சூத்திரத்தை முதனாளில் மலையென எண்ணி அஞ்சி, நாற்பதாம் நாளிற் பேச்சோடு பேச்சாகச் சொல்லுவதை நான் வகுப்பறையிற் கண்டிருக்கின்றேன். இதுவும் அவ்வகையினதே. சட்டைப் பையிலே சீனிக்கட்டி இரண்டு எப்பொழுதும் இருக்கும். லோறன்ஸ் காலத்து நோயாளரும் அவ்வாறே சீனி வைத்திருந்தனர்.

அவர் தம் நோயாளரைத் தனித்தனியே தேற்றுவதோடு அமையவில்லை. அவரிடம் வைத்தியம் பெற்றவருள் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஒருவர். இருவருஞ் சேர்ந்து 1934இலே நீரிழிவாளர் சங்கம் ஒன்றை நிறுவினர். நோயாளரே கூடித் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுதற்கு எழுந்த அச்சங்கம், இன்று டயபிற்றீஸ் யூகே என்னும் பெயரால் நிலவுகின்றது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 1950இலே தோன்றியபோது அதன் முதலாவது தலைவரும் அவரே. 1928இலே திருமணஞ் செய்து ஆண்மக்கள் மூவருக்குத் தந்தையானார். இசையிலும் ரெனிஸ் ஆட்டத்திலும் மீன்பிடித்தலிலும் விருப்புற்றிருந்தார். 1968 ஓகஸ்ட் 27ஆந் திகதி, தமது 75ஆம் வயதில், இலண்டனிலே காலமானார். நாளுக்கு ஓர் ஊசியெனக் கொண்டாலும், அவர் உடம்பு ஏற்றவை 16,000ஐத் தாண்டும்.

இன்சுலின் நோயை ஒழிப்பதன்று. ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு நாளாக மீட்டுத் தருவது. புளோறன்சிலே சாவை எதிர்நோக்கியிருந்த ஒருவர் அவ்வாறு மீட்ட நாள்களைத் தமக்கென மாத்திரம் வைத்துக்கொள்ளவில்லை. ஊசி விதிக்கப்பட்டு, அதனைக் கையில் எடுக்கத் தயங்கியிருக்கும் அன்பர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், நாளைக்கென ஒத்திப் போடாது இன்றைக்கே தம் வைத்தியரிடமோ தாதியிடமோ அதனைப் பழகிக் கொள்வாராக. முதலாவது ஊசியே அரிது. மற்றவை அதன் வழியே வரும்.