மருத்துவராகப் போனார், மாணவராகத் தொடங்கினார்

எஸ்.பி.எம். முடித்ததும் கம்போடியா, நேப்பாளம் என்று வெளிநாட்டுத் தொண்டுக்குப் போகலாமா என்று காஜாங்கில் என்னிடம் டியூஷனுக்கு வரும் மாணவர்கள் கேட்பதுண்டு. போய் வந்தால் தன்னம்பிக்கை வளரும், நேர்முகத் தேர்விலும் கைகொடுக்கும் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் சரிதான். ஆனால் அந்த வளர்ச்சி எப்படி வருகிறது? அதற்கு நான் அவர்களுக்குச் சொல்வது டாக்டர் கோட்னிஸின் வாழ்க்கையை.

துவாரகநாத் கோட்னிஸ் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் பிறந்தார். பம்பாயில் மருத்துவம் படித்தார். 1937-இல் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தது. காயமடைந்தவர்களைக் கவனிக்கப் போதிய மருத்துவர்கள் அங்கு இல்லை. சீனத் தளபதி சூ தே, நேருவிடம் உதவி கேட்டார். காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் தன்னார்வ மருத்துவர்களுக்கு அழைப்பு விடுத்தார். இந்தியாவே அடிமைப்பட்டிருந்த காலம் அது. ஆனாலும் ஐந்து மருத்துவர்கள் முன்வந்தனர். மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த கோட்னிஸும் பெயர் கொடுத்தார். 1938 செப்டம்பரில் கப்பலேறியபோது அவருக்கு வயது 27.

சீனா போய்ச் சேர்ந்த சில மாதங்களில் தந்தை இறந்த செய்தி வந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. 1939 தொடக்கத்தில் குழு யெனான் நகரை அடைந்தது. கையில் மருத்துவப் பட்டம் இருந்தும், அங்கே அவர் மொழி தெரியாதவர். எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்வதே புரியாவிட்டால் பட்டம் எதற்கு? சீன மொழியைப் பேசவும் படிக்கவும் கற்றார். பிறகு அதே மொழியில் சீன மாணவர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார்.

குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நாடு திரும்பினர். டாக்டர் பாசுவும் கோட்னிஸும் மட்டும் தொடர்ந்து தங்கினர். கோட்னிஸ் போர்முனைக்கு அருகிலுள்ள வட சீன மலைப்பகுதிக்குப் போனார். அங்கே தொண்டாற்றி 1939-இல் உயிர்நீத்த கனடா நாட்டு மருத்துவர் நார்மன் பெத்தூனின் பெயரில் இயங்கிய மருத்துவமனைக்கு, 1941-இல் தலைவரானார். ஓய்வின்றி அறுவை சிகிச்சைகள் செய்தார்.

அதே ஆண்டு நவம்பரில் அங்கு பணியாற்றிய குவோ சிங்லான் என்ற சீனப் பெண்ணை மணந்தார். மறு மாதம் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்தப் போர் மலாயாவுக்கும் வந்துவிட்டது. 1942-இல் பிறந்த மகனுக்கு யின்ஹுவா என்று பெயரிட்டனர். ‘யின்’ இந்தியாவையும் ‘ஹுவா’ சீனாவையும் குறிக்கும்.

வலிப்பு நோய் அவரை அடிக்கடி தாக்கியது. வேறிடம் போய்ச் சிகிச்சை பெறச் சொல்லியும் பணியை விட்டுப் போக அவர் இணங்கவில்லை. 1942 டிசம்பர் 9-ஆம் நாள், 32 வயதில் காலமானார். சீனர்கள் அவரைக் கே திஹுவா என்ற சீனப் பெயரால் நினைவுகூர்கின்றனர். ஷிஜியாசுவாங் நகரில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

மாணவர்களே, உடல்நலத்தைப் புறக்கணிப்பதை அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது வேறு. உதவப் போன இடத்தில் அவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். அவர் வளர்ந்தது அங்கேதான். இரண்டு வாரம் போய் ஒரு பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசிப் படம் எடுத்து வருவதற்கும் இதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

வெளிநாட்டுத் தொண்டுக்குப் பெயர் கொடுக்கும் முன், அந்த நாட்டு மொழியில் நலம் விசாரிக்கவாவது பழகுங்கள். என்ன தேவை என்று அந்த ஊர் மக்களையே கேளுங்கள். அதற்கான பயிற்சிக்கு விமானச் சீட்டு வேண்டாம். நம் காஜாங்கில் அடுத்த வீட்டிலேயே சீனக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் மொழியில் நமக்கு எத்தனை வார்த்தை தெரியும்? அங்கிருந்து தொடங்கலாம்.