கரிய கோடுகள் சொன்ன கதை: ஓவியர் ஜைனுல் ஆபிதீன்

வங்கம் ஈன்ற ஓவியர் ஜைனுல் ஆபிதீன். நம் ஊர்களில் ஜைனுலாபுதீன் என வழங்கும் பெயர்தான் அது. பங்களாதேஷ் மக்கள் அன்னாரைச் 'சில்பாச்சார்யா', அதாவது கலையாசான், எனப் போற்றுகின்றனர். நம் மாணவர்களுள் பலர் அவரை அறிந்திரார். சொல்லால் கதை சொல்வோரையே பயின்று பழகிய நாம், கோட்டால் கதை சொன்ன ஒருவரின் வாழ்வையும் அறிதல் வேண்டும்.

அவர் 1914 டிசம்பர் 29ஆம் நாள், அன்றைய மைமன்சிங் மாவட்டத்துக் கிஷோர்கஞ்சில் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். பிரம்மபுத்திரா ஆற்றங்கரையே சிறுவனின் முதற்பள்ளி எனலாம். ஓடமும் வலையும் நாணற்புல்லும் அவர் கண்ணில் பதிந்தன. 1933இல் கல்கத்தா அரசு கலைப்பள்ளியிற் சேர்ந்து, 1938இல் தேறி, அங்கேயே ஆசிரியரானார். பிரம்மபுத்திராவைத் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களுக்காக அவ்வாண்டே அகில இந்தியக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். அழகிய இயற்கைக் காட்சிகளைத் தீட்டிப் புகழோடு வாழ்ந்திருக்கக்கூடியவர்தாம்.

1943 அவரை அவ்வாறு இருக்கவிடவில்லை. முந்தைய ஆண்டில் பர்மா ஜப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவர் கைக்குப் போய்விடலாகாதெனக் கடலோர மாவட்டங்களில் மிகுதி நெல்லை அரசு அகற்றியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையும் பறித்தது. படகின்றி வாழ இயலாத கழிமுக நாடு அது என்பதை நாம் மறத்தலாகாது. அக்டோபரில் மிதுனாப்பூர்க் கரையைப் புயலும் கடல்நீரும் அழித்தன. விலை ஏறியது, கூலியோ ஏறவில்லை. மாண்டவர் தொகை முப்பது லட்சம் வரை இருக்கும் என்பது அறிஞர் கணிப்பு. இத்துணைக்கும் அதைப் பஞ்சம் என்று அரசு முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் பஞ்ச விதிகளின்படி உதவ வேண்டிய கடப்பாடு வந்திருக்கும்!

நெல் விளைவித்தவர்களே கஞ்சி வேண்டிக் கல்கத்தாவின் நடைபாதைகளில் வந்து வீழ்ந்தனர். ஜைனுல் ஆபிதீனுக்கு அவர்கள் அயலார் அல்லர். அவர் பிறந்த ஆற்றங்கரை மக்களைப் போன்றவர்களே. கரியைக் கொண்டு தாமே மை செய்து, பொட்டலம் கட்டும் மலிவுத் தாளில் அவர் வரைந்தார். போர்க்கால விலைவாசியில் நல்ல தாளும் வண்ணமும் எட்டாதவை. அவ்வறுமையே ஓவியங்களுக்கு வலிமையாயிற்று என்பது நம் கருத்து. குப்பைத் தொட்டியருகே மனிதரும் நாயும் காக்கையும். மடிந்த தாயருகே குழந்தை. பின்புலம் என்பதே ஏறக்குறைய இல்லை. வீடில்லை, மரமில்லை, தெருவும் இல்லை. வெற்றுத்தாளில் எலும்பு தெரியும் உடல் மட்டும். நம் பார்வை ஒதுங்கிச் செல்ல அவர் இடம் வைக்கவில்லை.

பார்ப்போர் உள்ளத்தை இத்தகைய படங்கள் தைத்தன என்பதற்கு ஆட்சியாளரின் அச்சமே சான்று. அக்காலத்தே மற்றோர் ஓவியர் சித்தபிரசாத், மிதுனாப்பூரில் நடந்து திரிந்து வரைந்தும் எழுதியும் வெளியிட்ட சிறுநூலின் ஐயாயிரம் படிகளையும் அரசு கைப்பற்றி அழித்தது. ஒரு படி எப்படியோ தப்பியது. ஜைனுல் ஆபிதீனின் கோட்டோவியங்களோ 1944இல் எலா சென்னின் நூலிலும் இடம்பெற்றுப் பரவின. பிறகு எத்தனையோ ஓவியங்களை அவர் தீட்டினார். எனினும் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது அந்தக் காக்கைகள்தாம்.

நாடு பிரிந்தபின் டாக்கா சென்றார். ஓவியப் பள்ளியென ஒன்று அங்கில்லை. 1948இல் நண்பர்களுடன் சேர்ந்து, பழைய மருத்துவப் பள்ளியொன்றின் இரண்டு அறைகளில் அரசு கலைக்கழகத்தைத் தொடங்கினார். சேர்ந்த மாணவர் பதினெண்மர். அப்பள்ளியே பிற்காலத்தில் டாக்கா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலமாக வளர்ந்தது.

வங்கத்தில் சுருள்துணியில் படம் எழுதி, ஒவ்வொரு காட்சியாக விரித்துக் கதை பாடும் மரபு பழையது. புலிமேல் வரும் காஜி பீரின் கதையை ஊர் ஊராகப் பாடியவர்களும் உண்டு. லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியிலும் பயின்று வந்த நம் ஓவியர், முதிர்ந்த வயதில் அந்தச் சுருளுக்கே திரும்பினார். 1970இல் அறுபத்தைந்து அடி நீளத்தில் 'நபான்னா' என்னும் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். நபான்னா என்பது வங்கத்தின் புத்தரிசி விழா. வளம் கொழிக்கும் சிற்றூரில் தொடங்கி, வறுமையால் ஊரைவிட்டுச் செல்லும் உழவரில் அது முடிகிறது. பார்ப்பவர் அதனோடு நடந்தே செல்ல வேண்டும். நடக்க நடக்க ஊர் கைநழுவிப் போகும்.

அதே ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, போலாப் புயல் கழிமுகத்தைத் தாக்கியது. மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை மக்கள் மடிந்தனர் என்பர். மேற்கிலிருந்த பாகிஸ்தான் அரசின் உதவி காலந்தாழ்ந்து வந்ததும் மக்கள் கொதித்ததும் வரலாறு. ஜைனுல் ஆபிதீன் மன்புரா தீவுக்கே சென்று கண்டார். ஐம்பத்தைந்து வயதினர், மீண்டும் கரிய மையைக் கையிலெடுத்தார். ஏறத்தாழ முப்பது அடிச் சுருளில் உடல்கள். மனிதரும் மாடும் பின்னிக் கிடக்கும் உடல்கள். முடிவில், பிழைத்த ஒருவர் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறார். 1943இன் கொடுமையில் மனிதர் கையே மிகுதி. இதிலோ கடலின் கை. எனினும் இரண்டிலும் விழுந்தவர் ஒருவரே: ஆற்றையும் கடலையும் நம்பிய ஏழை.

புதிய நாடு பிறந்ததும், 1972இல் அதன் அரசியலமைப்புச் சட்ட நூலை ஓவியங்களால் அணிசெய்யும் பணிக்கு அவரே தலைமை தாங்கினார். 1975இல் சோனார்காவில் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் அவர் முயற்சியால் எழுந்தது. மைமன்சிங்கில் பிரம்மபுத்திராவின் கரையில் அவருடைய ஓவியங்களுக்கென ஒரு காட்சிக்கூடமும் அவ்வாண்டே அமைந்தது.

நுரையீரற் புற்றுநோயுற்று 1976 மே 28ஆம் நாள் டாக்காவில் இறையடி சேர்ந்தார். பல்கலைக்கழக வளாகத்தில், தாம் வளர்த்த கலைப்பள்ளியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.