புராஸ்டேட் கேன்சருக்கு ஹார்மோன் சிகிச்சை... யார் இந்த சார்லஸ் ஹக்கின்ஸ்?

ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ அளவு கொஞ்சம் கூடினாலே வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும். கேன்சரா, இல்ல வயசானதால வந்த வெறும் வீக்கமா? ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து புராஸ்டேட் நோயின் போக்கைக் கணிக்கலாம் என்று அன்றே காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ்.

1901-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். ஹார்வர்டில் டாக்டருக்குப் படித்து, 1927-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கொடுத்த துறையோ சிறுநீரகவியல். அதில் அவருக்குப் பெரிய அனுபவம் கிடையாது. புத்தகத்தைப் படித்தே தேறினார்!

வயதான ஆண்களைப் போலவே வயதான நாய்களுக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கும். அதனால் நாய்களை வைத்து ஆராய்ந்தார். ஆண் ஹார்மோனை நிறுத்தியதும் சுரப்பி சுருங்கியது. அப்போ கேன்சரும் சுருங்குமா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு அளவுகோல் வேண்டும். அதுதான் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற புரதம். சாதாரண வீக்கத்திலும் இது சுரப்பியில் நிறைய இருக்கும், ஆனால் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். கேன்சர் எலும்புக்குப் பரவினால் ரத்தத்தில் எகிறும். 1938-ல் நியூயார்க்கில் குட்மன் தம்பதி இதைக் கண்டிருந்தார்கள்.

1941-ல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் சேர்ந்து ஹக்கின்ஸ் முடிவுகளை வெளியிட்டார். கேன்சர் பரவிய நோயாளிகளுக்கு விரைகளை அகற்றினார், சிலருக்குப் பெண் ஹார்மோன் கொடுத்தார். புரத அளவு சரிந்தது. ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் மறுபடி ஏறியது. எலும்பு வலியில் துடித்த பலருக்கு வலி குறைந்தது. முழுக் குணம்னு சொல்ல முடியாது, பலருக்கு நோய் திரும்பியது. ஆனாலும் கேன்சர் ஹார்மோனை நம்பி வளரும் என்பது உறுதியானது.

நோபல் பரிசு வர 25 வருஷம் ஆனது! 1966-ல் பெய்டன் ரூஸுடன் பகிர்ந்துகொண்டார். 1997-ல், 95 வயதில் சிகாகோவில் காலமானார்.

ஆசிட் பாஸ்பட்டேஸ் இடத்தை 1980-களில் பிஎஸ்ஏ பிடித்தது. இதிலும் ஒரு சிக்கல்: சாதாரண வீக்கம், கிருமித்தொற்று வந்தாலும் பிஎஸ்ஏ ஏறும். அதனால்தான் சந்தேகம் வலுத்தால் டாக்டர்கள் பயாப்ஸிக்குப் போகிறார்கள். அந்தத் திசுவில் பி63 என்ற புரதத்தைச் சாயமேற்றிப் பார்ப்பதும் உண்டு. சாதாரண சுரப்பியின் ஓரத்தில் அது வரிசையாகத் தெரியும். கேன்சர் சுரப்பியில் பொதுவாக அந்த வரிசையே இருக்காது.